கால்சியம் குளோரைடில் 'டை' எங்கே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: உப்புகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள், அந்தப் பெயரை எப்படிப் படிப்பது? பள்ளிப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார், உப்புப் பாக்கெட்டைப் படித்துப் பார்த்த ஓர் அம்மாவும் கேட்டிருக்கிறார். வகுப்பில் நான் மிகவும் விரும்பி எடுத்த பாடம் இதுதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே: அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் போட்டு எழுதும் பெயர்களை இங்கே வாயால் வாசிக்கிறபடி எழுதியிருக்கிறேன். 'அயர்ன் இரண்டு குளோரைடு' என்று இருந்தால், உங்கள் நோட்டில் அந்த இரண்டை ரோமன் எண்ணாக அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு என்று எழுதினால் சரி என்கிறார்கள். கால்சியம் டைகுளோரைடு என்று எழுதினேன், டீச்சர் 'டை'யை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். இரண்டிலும் இரண்டு தானே இருக்கிறது?
*— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி*

இரண்டிலும் இரண்டு இருப்பது உண்மைதான், கண்ணு. ஆனால் ஒன்றில் அந்த இரண்டைச் சொல்லியே ஆகவேண்டும். இன்னொன்றில் சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும்.

கார்பனையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள். ஒரு கார்பனோடு ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால், மூடிய அறையில் கரி அடுப்பு எரியும்போது ஆளைக் கொல்கிற வாயு. இரண்டு சேர்ந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைத்து வருகிற வாயு. வெறுமனே 'கார்பன் ஆக்சைடு' என்றால் எதைச் சொல்கிறாய்? நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும் விதங்கள் இன்னும் அதிகம்: ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று, இரண்டுக்கு மூன்று, நான்கு, ஐந்து என்று போகும். எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் அணுக்கள் இப்படிப் பல விதமாகச் சேரும். அதனால் அங்கே மோனோ, டை, ட்ரை (ஒன்று, இரண்டு, மூன்று) என்று எண்ணிச் சொல்லாவிட்டால் பெயருக்குப் பொருளே இல்லை.

கால்சியம் அப்படி இல்லை. அது குளோரினோடு சேரும்போது எலக்ட்ரான்களைப் பங்கு போடுவதில்லை, கொடுத்துவிடுகிறது. எப்போது கொடுத்தாலும் இரண்டைக் கொடுக்கும். ஆகவே அதன் மின்சுமை +2. குளோரின் ஒன்றை வாங்கிக்கொண்டு குளோரைடு ஆகும், அது −1. இப்படிச் சுமை பெற்றவைதான் அயனிகள், அவை சேர்ந்தது அயனிச் சேர்மம். முழுப் பொருளுக்கும் மின்சுமை இருக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு என்பதைத் தவிர வேறு விடை வராது. 'கால்சியம் குளோரைடு' என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே அந்த இரண்டு அடங்கியிருக்கிறது.

இன்னொன்று போட்டுப் பார்ப்போம், அலுமினியம் ஆக்சைடு. அலுமினியம் +3, ஆக்சைடு −2. ஒன்றுக்கு ஒன்று வைத்தால் +1 மிச்சம். இரண்டு அலுமினியம் வைத்தால் +6. அதைச் சரிக்கட்ட மூன்று ஆக்சைடு வேண்டும், −6. மிச்சம் பூஜ்யம். வாய்பாடு: இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சிஜன். 'டைஅலுமினியம் ட்ரைஆக்சைடு' என்று எழுதுவதால் இதற்கு மேல் ஒரு தகவலும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். கார்பன் டை ஆக்சைடு வாயுவில் ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த தனித்தனி மூலக்கூறுகள் உண்மையிலேயே திரிகின்றன. உப்புக்கல்லில் அப்படி எதுவும் கிடையாது. சாப்பாட்டு உப்பில் ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். கல் முடியும் வரைக்கும் இப்படியே அடுக்கு அடுக்காகப் போகும். எந்த சோடியம் எந்தக் குளோரைடுக்குச் சொந்தம் என்று பிரிக்கவே முடியாது. 1913-ல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிரைக் கொண்டு இதைக் கண்டுபிடித்தபோது, பலரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கிலேய வேதியியலாளர் 1927-ல்கூட 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று ஒன்று இல்லை என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஆகவே உப்பின் வாய்பாட்டில் நீ பார்க்கும் 1, 2 எல்லாம் விகிதம்தான். ஒரு மூலக்கூறுக்குள் எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கை அல்ல.

சரி, மதிப்பெண் விஷயம். சர்வதேச விதிகளின்படி 'கால்சியம் டைகுளோரைடு' என்பது பிழை ஆகாது, தேவையில்லாதது, அவ்வளவுதான். ஆனால் பள்ளித் தேர்வில் டீச்சர் பார்ப்பது, இது அயனிச் சேர்மம் என்று உனக்குத் தெரிகிறதா என்பதை. அதனால் 'டை' இல்லாமலே எழுதிப் பழகு.

உப்புப் பாக்கெட்டில் 'பொட்டாசியம் அயோடேட்' என்று போட்டிருக்கிறது. அயோடின் உப்பு என்றால் 'அயோடைடு' தானே வர வேண்டும், இது அச்சுப் பிழை என்கிறான் என் மகன். உண்மையா?
*— ஓர் அம்மா, தூத்துக்குடி*

அச்சுப் பிழை இல்லைங்க. நம் நாட்டில் உப்பில் கலப்பது பொட்டாசியம் அயோடேட்தான். ஆனால் உங்கள் பையன் பாக்கெட்டில் இருக்கும் பொடி எழுத்தையும் விடாமல் படித்திருக்கிறான், அதற்கு அவனைப் பாராட்டியாக வேண்டும். அமெரிக்காவில் பல உப்புப் பாக்கெட்டுகளில் அவன் சொல்கிற பொட்டாசியம் அயோடைடுதான் இருக்கும்.

பெயரின் வால் தான் இங்கே முக்கியம். 'ஐடு' என்று முடிந்தால் பெரும்பாலும் அந்தத் தனிமம் மட்டும் எதிர் அயனியாக இருக்கிறது என்று பொருள்: குளோரைடு, அயோடைடு, சல்பைடு, ஆக்சைடு. 'ஏட்' என்று முடிந்தால் கூடவே ஆக்சிஜனும் இருக்கிறது: நைட்ரேட், சல்பேட், கார்பனேட், அயோடேட். ஓர் அயோடினோடு மூன்று ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு, மொத்தமாக −1 சுமையோடு இருப்பது அயோடேட். ஹைட்ராக்சைடும் சயனைடும் மட்டும் இந்த வரிசைக்கு அடங்காது. 'ஐடு' என்று முடிந்தாலும் அவற்றில் இரண்டு தனிமங்கள் இருக்கின்றன. அவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நமக்கு ஏன் அயோடேட்? அயோடைடு, ஈரமும் காற்றும் பட்டால் மெல்ல அயோடினாக மாறி ஆவியாகிவிடும். கடலோர ஊரில் உப்பு ஜாடி எப்படி நசநசத்துப் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த ஈரத்திலும் அயோடேட் தாங்கும். நம் கைக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குச் சுமார் 25 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடேட் போதும். உடம்புக்குள் போனதும் அது அயோடைடாக மாறிவிடும். ஆகவே உங்கள் பையன் சொன்ன பொருளும் கடைசியில் வந்து சேர்ந்துவிடுகிறது.

வால் மாறினால் பொருளே மாறும் என்பதற்குத் தென் மாவட்டத்தில் இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு, வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம். அதைத் தணலில் போட்டாலும் சும்மா கிடக்கும். பொட்டாசியம் குளோரேட், தீக்குச்சி மருந்தில் சேர்க்கும் சரக்கு. அதில் இருக்கும் மூன்று ஆக்சிஜன்தான் குச்சியைச் சட்டென்று பற்ற வைக்கிறது. தீப்பெட்டித் தொழில் செய்யும் ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் குளோரேட் என்ற சொல்லைப் பாடத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். குளோரைடுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்லும்போது வகுப்பில் முதலில் நிமிர்ந்து உட்காருகிறவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு வாலும் உண்டு. ஆக்சிஜன் ஒன்று குறைந்தால் 'ஐட்': நைட்ரேட்டில் மூன்று, நைட்ரைட்டில் இரண்டு, சல்பேட்டில் நான்கு, சல்பைட்டில் மூன்று. 'ஏட்' என்றால் இத்தனை ஆக்சிஜன் என்று நிலையான எண் கிடையாது. ஒரே குடும்பத்துக்குள் எது கூட, எது குறைவு என்பதை மட்டும்தான் அது சொல்லும். நைட்ரைடு, நைட்ரைட் இரண்டையும் மகன் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி எழுத்தில்தான் வேறுபாடு.

அயனிச் சேர்மத்தில் 'டை' வராது என்று என் பேத்தி சொல்கிறாள். அப்படியானால் நாங்கள் காலம் காலமாகப் போடும் டிஏபி? அது டை அம்மோனியம் பாஸ்பேட் தானே? மூட்டையில் 18:46:0 என்று இருக்கிறது, அதற்கும் இந்தப் பெயருக்கும் என்ன சம்பந்தம்?
*— விவசாயி, மன்னார்குடி*

ஐயா, பேத்தி சொன்ன விதி சரி. மூட்டையில் இருப்பதும் சரி. இடையில் ஒரு ஹைட்ரஜன் விடுபட்டிருக்கிறது.

பாஸ்பேட் −3. அம்மோனியம் +1. விதிப்படி வெறும் 'அம்மோனியம் பாஸ்பேட்' என்றால் ஒரு பாஸ்பேட்டுக்கு மூன்று அம்மோனியம் இருக்க வேண்டும். உங்கள் மூட்டையில் இருப்பதோ இரண்டு அம்மோனியம்தான். மூன்றாவது இடத்தில், பாஸ்பாரிக் அமிலத்திலிருந்த ஹைட்ரஜன் அப்படியே தங்கிவிட்டது. அதனால் முழுப் பெயர் டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். ஹைட்ரஜன் பாஸ்பேட் மொத்தத்துக்கும் −2. அதற்கு இரண்டு அம்மோனியம், கணக்கு நேர். ஹைட்ரஜனைப் பெயரில் சொல்லிவிட்டால் 'டை' இல்லாமலே புரியும். உரக் கடையில் ஹைட்ரஜனை விட்டுவிட்டார்கள், அதற்குப் பதிலாக 'டை'யை வைத்துக்கொண்டார்கள். சொட்டுநீர்ப் பாசனத்தில் விடும் 12:61:0 உரம் இதற்குத் தம்பி: மோனோஅம்மோனியம் பாஸ்பேட், எம்ஏபி. அதில் ஓர் அம்மோனியம், இரண்டு ஹைட்ரஜன். அமிலத்தில் கழற்றக்கூடிய ஹைட்ரஜன் ஒன்றுக்கு மேல் இருந்தால் இப்படிப் பாதியில் நிற்கும் உப்புகள் வரும். சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாவும் அதே சாதிதான்: சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட், பழைய பெயரில் பைகார்பனேட். சலவைச் சோடாவில் அந்த ஹைட்ரஜன் இல்லை. அது வெறும் சோடியம் கார்பனேட்.

இப்போது 18:46:0. இவை எல்லாம் சதவீதம். முதல் எண் நைட்ரஜன். 50 கிலோ மூட்டைக்கு 9 கிலோ. இரண்டாவது 46 என்பது பாஸ்பரஸின் அளவு இல்லை. அந்தப் பாஸ்பரஸ் முழுவதும் ஆக்சைடாக, அதாவது இரண்டு பாஸ்பரஸ், ஐந்து ஆக்சிஜன் என்ற பொருளாக இருந்தால் எவ்வளவு எடை வரும் என்ற பழைய கணக்கு. அந்த ஆக்சைடு மூட்டைக்குள் ஒரு சிட்டிகைகூட இல்லை. 23 கிலோ என்று காட்டுகிறார்களே, அதில் உண்மையான பாஸ்பரஸ் ஏறக்குறைய 10 கிலோ. பொட்டாஷ் மூட்டையில் மூன்றாவது எண்ணாக இருக்கும் 60-ம் இதே போலத்தான். அதில் பொட்டாசியம் ஆக்சைடு இல்லை, இருப்பது பொட்டாசியம் குளோரைடு. 50 கிலோ மூட்டையில் பொட்டாசியம் சுமார் 25 கிலோ.

பொட்டாஷ் மூட்டையில் 'மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. 1787-ல் பாரிசில் குய்ட்டன் டி மோர்வோ, லவாய்சியே, பெர்தொலே, ஃபூர்க்ருவா என்ற நால்வர் சேர்ந்து வேதிப் பொருள்களுக்குப் புதுப் பெயர் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எதனால் ஆனதோ அதைக் கொண்டே பெயர், வாலைப் பார்த்தால் ஆக்சிஜன் உண்டா என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இன்றைக்கும் நாம் பயன்படுத்தும் முறைக்கு அதுதான் அடித்தளம். ஆனால் எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கிறது என்று அன்று நம்பினார்கள். அதனால் இன்றைய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் உப்புகளுக்கும் 'ஏட்' வால் வைத்து மியூரியேட் என்றார்கள். குளோரின் ஒரு தனிமம், அதில் ஆக்சிஜன் கிடையாது என்று 1810-ல் ஹம்ப்ரி டேவி காட்டினார். அப்புறம் ஆய்வகங்களில் மியூரியேட் போய்க் குளோரைடு வந்தது. உர மூட்டையில் மட்டும் பழைய பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், இது பணம் சம்பந்தப்பட்டது. சிங்க் சல்பேட் வாங்கும்போது பெயரின் கடைசிப் பகுதியையும் படியுங்கள். 'ஹெப்டாஹைட்ரேட்' என்றால் ஒரு சிங்க் சல்பேட்டோடு ஏழு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். துத்தநாகம் 21 சதவீதம். 'மோனோஹைட்ரேட்' என்றால் ஒரு தண்ணீர்தான். துத்தநாகம் 33 சதவீதம். நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ என்று பரிந்துரைப்பது ஏழு தண்ணீர் உள்ளதை. ஒரு தண்ணீர் உள்ளது கிடைத்தால் ஏறக்குறைய 16 கிலோவிலேயே அதே துத்தநாகம் வந்துவிடும். விலையை ஒப்பிடும்போது கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள்.

துத்தநாகத்துக்கு ஏன் ரோமன் எண் போடுவதில்லை? அதுவும் இரும்பு, தாமிரம் வரிசையில்தானே வருகிறது?
*— பத்தாம் வகுப்பு மாணவர், தென்காசி*

சேர்மங்களில் அது +2 ஆகத்தான் வரும், தம்பி. வேறு எண்ணுக்கு வழியே இல்லாதபோது எண் எதற்கு? வெள்ளியும் உன் பாடத்தில் +1 மட்டும்தான், அலுமினியம் +3 மட்டும்தான். இந்த மூன்றுக்கும் எண் வேண்டாம்.

கர்ப்பமாக இருக்கும் மகளுக்குக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை அட்டையில் 'ஃபெரஸ் சல்பேட்' என்று இருக்கிறது. பேரன் புத்தகத்தில் 'அயர்ன் இரண்டு சல்பேட்' என்று படிக்கிறான். இரண்டும் ஒன்றா?
*— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தாம்பரம்*

ஒன்றேதான், ஐயா. மாத்திரையில் பழைய பெயர், புத்தகத்தில் புதிய பெயர். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் அன்னபேதி என்று கொடுப்பார்களே, அதுவும் இதுதான். அதற்காக அன்னபேதியை மாத்திரைக்குப் பதிலாகக் கொடுத்துவிடாதீர்கள், அளவு பிசகிவிடும்.

இரும்பு இரண்டு எலக்ட்ரான்களையும் கொடுக்கும், மூன்றையும் கொடுக்கும். இரண்டு விதத்துக்கும் குணம் வேறு. பள்ளி ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபெரஸ் உப்பின் கரைசல் வெளிர் பச்சை. அதில் இரண்டு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பாசி மாதிரி அழுக்குப் பச்சையில் ஒரு வீழ்படிவு திரளும். சோதனைக் குழாயை அப்படியே தாங்கியில் விட்டுவைத்தால், கொஞ்ச நேரத்தில் காற்றுப் படும் மேல் ஓரத்திலிருந்து பழுப்பு ஏறத் தொடங்கும். +2 இரும்பு +3 ஆக மாறுவதை அப்படி நேரில் பார்த்த பிள்ளைக்கு, பெயரில் எண் எதற்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் குடல் முக்கியமாக உறிஞ்சுவது +2 இரும்பை. அதனால்தான் மாத்திரையில் ஃபெரஸ். எலுமிச்சை, நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி அதற்கு உதவும். மாத்திரையோடு டீயோ காபியோ குடித்தால் உறிஞ்சுவது குறையும். மகளிடம் சொல்லுங்கள்.

பழைய முறையில் குறைந்த சுமைக்கு 'அஸ்', கூடிய சுமைக்கு 'இக்'. ஃபெரஸ் +2, ஃபெரிக் +3. ஆனால் தாமிரத்தில் குப்ரஸ் +1, குப்ரிக் +2. வாலைப் பார்த்தால் எது குறைவு என்று தெரியுமே தவிர, எத்தனை என்று தெரியாது. ஒவ்வோர் உலோகத்துக்கும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். இதைத் தீர்க்கத்தான் 1919-ல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஸ்டாக் சுமையை நேரடியாகப் பெயரிலேயே எழுதிவிடலாம் என்றார். அந்த எண்தான் பேரன் புத்தகத்தில் இருப்பது.

ஸ்டாக் தன் ஆய்வகத்தில் பாதரசத்தோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர். அதன் ஆவியை நெடுங்காலம் சுவாசித்து நினைவாற்றல் குன்றி, தலைவலியால் அவதிப்பட்டார். காரணம் தெரிந்ததும் 1926-ல் மற்றவர்களை எச்சரித்து எழுதினார். பாதரசம் என்றதும் எனக்கு நம் சித்த மருத்துவ நூல்களில் வரும் இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும்: பூரம், வீரம். இரண்டிலும் பாதரசமும் குளோரினும்தான். பூரம், மெர்க்குரி ஒன்று குளோரைடு. தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். வீரம், மெர்க்குரி இரண்டு குளோரைடு. நன்றாகக் கரையும், கடும் நஞ்சு, சில கிராமே உயிரைப் பறிக்கும். 'மெர்க்குரி குளோரைடு' என்று மட்டும் எழுதிய ஒரு சீட்டு எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பாருங்கள். நம் முன்னோர் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பிரித்தார்கள். ஸ்டாக் முறை ஓர் எண்ணால் பிரிக்கிறது. (பூரமும் விஷம்தான், இரண்டையுமே வீட்டில் யாரும் தொட வேண்டாம்.)

குறுக்கு மாற்று முறையில் வாய்பாடு எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். பெயரிலிருந்து வாய்பாடு எழுதிவிடுகிறார்கள். வாய்பாட்டிலிருந்து பெயர் எழுதச் சொன்னால் தடுமாறுகிறார்கள். என்ன செய்யலாம்?
*— ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்*

டீச்சர், குறுக்கு மாற்று முறையை முதலிலேயே கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு அயனிகளின் சுமை எண்களை இடம் மாற்றிக் கீழே போட்டால் விடை வந்துவிடுகிறது. ஏன் வந்தது என்று பிள்ளை யோசிப்பதே இல்லை. மெக்னீசியம் ஆக்சைடுக்கு இரண்டு மெக்னீசியம், இரண்டு ஆக்சிஜன் என்று எழுதி வைக்கும். திருப்பிப் பெயர் கேட்கும்போது இன்னும் சிக்கல். ஓர் இரும்பு, ஓர் ஆக்சிஜன் என்ற வாய்பாட்டைப் பார்த்து, ஆக்சிஜனின் 1-ஐ மேலே ஏற்றி 'அயர்ன் ஒன்று ஆக்சைடு' என்று எழுதுகிறார்களா இல்லையா?

நான் செய்தது இதுதான். பழைய காலண்டர் அட்டையை ஒரே அகலத்தில் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சுமைக்கு ஓர் அங்குலம். சோடியம் ஓர் அங்குலம், கால்சியம் இரண்டு, அலுமினியம் மூன்று. எதிர்ப் பக்கத்துக்கு வேறு நிறம் பூசி குளோரைடு ஓர் அங்குலம், ஆக்சைடு இரண்டு, பாஸ்பேட் மூன்று. மேல் வரிசையில் நேர் அயனி, கீழ் வரிசையில் எதிர் அயனி. இரண்டு வரிசையும் ஒரே நீளத்தில் முடியும் வரை அடுக்க வேண்டும். அலுமினியம் ஆக்சைடு அடுக்கும் பிள்ளை, மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்துப் பார்க்கும். கீழே குறையும். இன்னொரு ஆக்சைடு வைக்கும், இப்போது கீழே நீளும். மேலே இரண்டாவது அலுமினியம், கீழே மூன்றாவது ஆக்சைடு வைத்ததும் இரண்டும் ஆறு அங்குலத்தில் நேராக நிற்கும். நைட்ரேட்டுக்கும் ஹைட்ராக்சைடுக்கும் ஒரே பட்டை, வெட்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடில் அடைப்புக்குறி எதற்கு என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

பெயர் கண்டுபிடிக்கும்போது கீழ் வரிசையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எதிர் அயனியின் சுமை நிலையானது. இரண்டு இரும்பு, மூன்று ஆக்சிஜன் என்றால் கீழே ஆறு அங்குலம். மேலே இரண்டு இரும்பு அதை நிரப்ப வேண்டும், ஆளுக்கு மூன்று. அயர்ன் மூன்று ஆக்சைடு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஒரு பேரியம், இரண்டு ஆக்சிஜன் கொடுத்துப் பாருங்கள். பேரியம் +4 ஆக முடியாது, +2 தான். அப்படியானால் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்தே −2 ஆக இருக்க வேண்டும். அது பெராக்சைடு அயனி என்று அவர்களாகவே வந்து நிற்பார்கள். அதே வாய்பாட்டில் பேரியத்துக்குப் பதில் ஈயத்தைப் போட்டால் கதை வேறு; ஈயம் +4 ஆகும், ஆகவே லெட் நான்கு ஆக்சைடு.

மனப்பாடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அம்மோனியம், ஹைட்ராக்சைடு, நைட்ரேட், சல்பேட், கார்பனேட், ஹைட்ரஜன் கார்பனேட், பாஸ்பேட் ஆகிய ஏழையும் சுமையோடு சொல்லத் தெரிந்தே ஆகவேண்டும். எண் தேவைப்படும் உலோகங்களில் இரும்பு, தாமிரம், ஈயம், வெள்ளீயம், பாதரசம் ஐந்தும் பள்ளிக்குப் போதும்.

காந்தக்கல்லில் மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன் என்று படித்தேன். கணக்குப் போட்டால் ஓர் இரும்புக்கு 2.67 வருகிறது. அப்படி ஒரு சுமை உண்டா? இதற்கு எப்படிப் பெயர் எழுதுவது?
*— பதினோராம் வகுப்பு மாணவர், சேலம்*

உன் ஊருக்குப் பக்கத்துக் கஞ்சமலையில் கிடக்கும் தாதுதான் அது, தம்பி. மேக்னடைட். நீ போட்ட வகுத்தலில் தப்பில்லை, ஆனால் மூன்று இரும்பும் ஒரே மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டதுதான் சிக்கல். எலக்ட்ரானை உடைத்துக் கொடுக்க முடியாது, 2.67 என்பது சராசரி. நான்கு ஆக்சைடு, −8. மூன்று இரும்பு சேர்ந்து +8 தர வேண்டும். இரும்பு +2 ஆகவும் வரும், +3 ஆகவும் வரும். ஒன்று +2, இரண்டு +3 என்று வைத்தால் 2 + 3 + 3 = 8. பெயரிலும் இரண்டையும் எழுதிவிடுவார்கள்: அயர்ன் இரண்டு, மூன்று ஆக்சைடு. அடைப்புக்குறிக்குள் இரண்டு ரோமன் எண்கள், நடுவில் ஒரு கமா.

சிவப்பு ஈயம் என்று ஒரு பொருள் இருக்கிறது, இரும்புச் சாமான்களுக்குத் துருப் பிடிக்காமல் அடிக்கும் பெயிண்டில் சேர்ப்பார்கள். அதிலும் மூன்று ஈயம், நான்கு ஆக்சிஜன். ஆனால் ஈயம் +3 ஆக வராது. +2, +4 தான். எது எத்தனை என்று கணக்குப் போட்டு, பெயரையும் எழுதி அனுப்பு.